லாபேக் இருக்கிறது, ஆனாலும் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’: ஃபோர்ட்ரான் லிங்க் எரரை எப்படிப் படிப்பது

‘இன்னும் எந்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்ய வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒட்டியிருக்கிற எரரைப் பார்த்தால் கேள்வி அது இல்லை. லாபேக் இன்ஸ்டால் ஆகித்தான் இருக்கிறது, அது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் சேர்த்து ஒரே நிரலாக்குகிற கருவி) கண்ணில் ஏன் படவில்லை என்பதுதான் கேள்வி. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன். கைடு கொடுத்த பழைய கடலலை மாடல் ஒன்று, ஃபோர்ட்ரான் 77ம் 90ம் கலந்தது, அதில் நீங்களும் சில வரிகள் சேர்த்திருக்கிறீர்கள். உபுண்டு 22.04, ஜிஃபோர்ட்ரான் 11. மூன்று ஃபைலும் எரர் இல்லாமல் கம்பைல் ஆகி ஆப்ஜெக்ட் ஃபைலாகிவிட்டன (டாட் ஓ என்று முடிகிற, இன்னும் ஒன்றாகச் சேர்க்காத துண்டுகள்). லிங்க் செய்கிற கடைசி வரியில் மைனஸ் எல் லாபேக், மைனஸ் எல் பிளாஸ் (இரண்டும் மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரிகள்), மைனஸ் எல் நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவு ஃபைல்களைப் படிக்க, எழுத) என்று கொடுத்துவிட்டு அதற்குப் பின்னால் மூன்று ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் கொடுத்தால் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் டு’ (கூப்பிட்டிருக்கிறது, ஆனால் எங்கேயும் கிடைக்கவில்லை) என்று மூன்று பெயர்கள் வருகின்றன: ‘டிஜிஇஎஸ்வி_’ (நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கிற லாபேக் ரூட்டின்), ‘__நெட்சிடிஎஃப்_மாட்_என்எஃப்90_ஓப்பன்’, அப்புறம் ‘டெப்த்_’. லாபேக்கை இரண்டு தடவை அழித்துத் திரும்பப் போட்டும் அதே கதை.

(கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், நான் ‘பெரிய’ என்று சொல்கிற இடம் தவிர மற்றதெல்லாம் சின்ன எழுத்தில்.)

மூன்று எரரும் ஒரே மாதிரி வார்த்தைகளில் வந்தாலும் மூன்றுக்கும் காரணம் தனித்தனி. முதலாவது வரிசைப் பிரச்சினை, இரண்டாவது ஒரு லைப்ரரி விட்டுப்போனது, மூன்றாவதுக்கும் லைப்ரரிக்கும் சம்பந்தமே இல்லை, அது உங்கள் கோடில் இருக்கிற பிழை. அவசரம் என்றால் இதை மட்டும் செய்து பாருங்கள்: ஆப்ஜெக்ட் ஃபைல்களை முன்னால் கொண்டுவந்து, லைப்ரரிகளைக் கடைசியில், நெட்சிடிஎஃப்எஃப் (கடைசியில் இரண்டு எஃப்), நெட்சிடிஎஃப், லாபேக், பிளாஸ் என்ற வரிசையில் கொடுங்கள். முதல் இரண்டும் போய்விடும். மூன்றாவது நிற்கும், அதற்குக் கீழே வருகிறேன்.

இனி ஏன் என்பது. கம்பைல், லிங்க், ரன் மூன்றும் மூன்று வேளை, மூன்றிலும் குறை சொல்கிற ஆள் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேர் குருட்டாம்போக்கில் பேக்கேஜ் பேக்கேஜாக இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஃபேட்டல் எரர், மாட்யூல் ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்றால் பேசுவது கம்பைலர், அதற்கு வேண்டியது பெரிய ஐ கொடுத்துச் சொல்கிற பாதை. ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’, ‘கெனாட் ஃபைண்ட் மைனஸ் எல் இன்னது’ என்றால் பேசுவது லிங்கர், அதற்கு வேண்டியது பெரிய எல் கொடுத்துச் சொல்கிற பாதையும் சின்ன எல் கொடுத்துச் சொல்கிற பெயரும். ‘எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்’ என்றால் லிங்க் முடிந்து நிரல் ஓட ஆரம்பிக்கும்போது லோடர் பேசுகிறது. கம்பைலர் கேட்பதை லிங்கருக்கும் லிங்கர் கேட்பதைக் கம்பைலருக்கும் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

எரரில் என்ன வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். லாபேக் உங்கள் கணினியில் இல்லையென்றால் லிங்கர் ‘டிஜிஇஎஸ்வி_ இல்லை’ என்று சொல்லாது, அதற்கு முன்பே ‘மைனஸ் எல் லாபேக் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். உங்களுக்கு அது வரவில்லை. ஆகவே லைப்ரரி ஃபைல் இருக்கிறது, லிங்கர் அதைத் திறந்தும் பார்த்திருக்கிறது. அந்த ‘கிடைக்கவில்லை’ எரர் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: உபுண்டுவிலும் டெபியனிலும் லாபேக் இரண்டு பேக்கேஜாக வரும். லிப்லாபேக்3 என்பது ஏற்கெனவே லிங்க் ஆன நிரல்களை ஓட்டுவதற்கு. நீங்களே லிங்க் செய்ய வேண்டுமென்றால் லிப்லாபேக் ஹைஃபன் டெவ் வேண்டும். முதலாவதில் பெயருக்குக் கடைசியில் ‘.எஸ்ஓ.3’ என்று எண்ணோடு முடிகிற ஃபைல்தான் இருக்கும், லிங்கர் தேடுவதோ எண் இல்லாத ‘.எஸ்ஓ’. ரெட்ஹேட், ஃபெடோரா பக்கம் இதுவே டெவெல் என்று முடியும். ‘லாபேக் இருக்கு, ஆனா இல்லைங்குது’ என்று வருகிற கேள்விகளில் பாதி இதுதான்.

சரி, திறந்து பார்த்தும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாக ஒரே தடவைதான் நடக்கும். மளிகைச் சீட்டோடு ஒருவழிப் பாதையில் போகிறவர் மாதிரி: கடையைத் தாண்டும்போது சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வாங்குவார், தாண்டியபிறகு சீட்டில் புதிதாக ஏதாவது ஏறினால் திரும்பி வர மாட்டார். நீங்கள் லாபேக்கை முதலில் கொடுத்தபோது சீட்டு காலி, டிஜிஇஎஸ்வி யாருக்கும் தேவைப்படவில்லை. அப்புறம்தான் ஆப்ஜெக்ட் ஃபைல் வந்து ‘டிஜிஇஎஸ்வி வேண்டும்’ என்று எழுதுகிறது, அதற்குள் கடை பின்னால் போய்விட்டது. டாட் ஏ என்று முடிகிற ஸ்டாட்டிக் லைப்ரரிகளுக்கு இது எப்போதும் இப்படித்தான். டாட் எஸ்ஓ என்று முடிகிற ஷேர்டு லைப்ரரிகளுக்கு இந்தக் கட்டாயம் முன்பு இல்லை, முன்னால் கொடுத்தாலும் ஓடிவிடும். உபுண்டு 11.10இலிருந்து ‘ஆஸ் நீடட்’ என்ற தேர்வை லிங்கருக்குத் தானாகவே கொடுக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் தேவைப்படாத ஷேர்டு லைப்ரரியும் அதனால் ஒதுக்கப்பட்டுவிடும். உங்கள் கைடின் பழைய கணினியில் இதே வரி ஓடியதாகச் சொல்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால் அந்தக் கணினியில் என்ன லினக்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை.

லைப்ரரிகளுக்குள்ளும் இதே விதிதான்: கேட்கிறவர் முன்னால், கொடுக்கிறவர் பின்னால். லாபேக் உள்ளுக்குள் பிளாஸைக் கூப்பிடுகிறது, அதனால் லாபேக் முன்னால், பிளாஸ் பின்னால். நெட்சிடிஎஃப்எஃப் நெட்சிடிஎஃப்பைக் கூப்பிடுகிறது, அது எச்டிஎஃப்5 என்ற இன்னொரு தரவு லைப்ரரியைக் கூப்பிடுகிறது. ஒன்றையொன்று மாறி மாறிக் கூப்பிடுகிற ஸ்டாட்டிக் லைப்ரரிகளுக்கு லிங்கரில் ‘ஸ்டார்ட் குரூப்’, ‘எண்ட் குரூப்’ என்று இருக்கிறது, அதற்கு நடுவில் போடுகிறவற்றைத் தேவை தீரும்வரை சுற்றிச் சுற்றிப் பார்க்கும். இன்டெல்லின் கணித லைப்ரரியான எம்கேஎல்லை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மேக்ஃபைலில் (கம்பைல், லிங்க் கட்டளைகளை எழுதி வைக்கிற ஃபைல்) எழுதும்போது பாதைகளை எல்டிஃபிளாக்ஸ் என்று ஆப்ஜெக்டுகளுக்கு முன்னாலும் லைப்ரரிப் பெயர்களை லிப்ஸ் என்று தனியாகக் கடைசியிலும் வைத்தால் போதும். எல்லாவற்றையும் எல்டிஃபிளாக்ஸிலேயே திணித்த மேக்ஃபைல்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன, உங்களுடையதும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது எரர் பார்க்கப் பயமாக இருந்தாலும் மூன்றிலும் அதிகத் தகவல் இருப்பது அதில்தான். எரரில் மேற்கோள் குறிக்குள் வருகிற பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பழகுங்கள். ஃபோர்ட்ரானில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லிங்கருக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு கம்பைலரும் ஒரு வழக்கப்படி பெயரை மாற்றி எழுதுகிறது. ஜிஃபோர்ட்ரான் சாதாரண சப்ரூட்டின் பெயரைச் சின்ன எழுத்தாக்கிக் கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர் சேர்க்கும், டிஜிஇஎஸ்வி ‘டிஜிஇஎஸ்வி_’ ஆனது அப்படித்தான். மாட்யூலுக்குள் இருக்கிற சப்ரூட்டின் என்றால் இரண்டு அண்டர்ஸ்கோர், மாட்யூல் பெயர், ஓர் அண்டர்ஸ்கோர், பெரிய எழுத்தில் மாட், இன்னோர் அண்டர்ஸ்கோர், அப்புறம் சப்ரூட்டின் பெயர். ஆக உங்கள் எரர் சொல்வது இதுதான்: நெட்சிடிஎஃப் என்ற மாட்யூலில் இருக்கிற என்எஃப்90_ஓப்பன் கிடைக்கவில்லை. நெட்சிடிஎஃப் 4.2இலிருந்து சி பகுதியும் ஃபோர்ட்ரான் பகுதியும் தனித்தனியாக வருகின்றன. ஃபோர்ட்ரான் பகுதியின் லைப்ரரிக்குப் பெயர் நெட்சிடிஎஃப்எஃப். நீங்கள் கொடுத்திருப்பது ஓர் எஃப், அது சி லைப்ரரி மட்டும். அதை எத்தனை தடவை திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் என்எஃப்90_ஓப்பன் அதற்குள் முளைக்காது.

இதிலும் இன்ஸ்டால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ‘யூஸ் நெட்சிடிஎஃப்’ என்ற வரியுள்ள ஃபைல் கம்பைல் ஆகியிருக்கிறது என்றால் நெட்சிடிஎஃப் டாட் மாட் என்ற ஃபைல் கம்பைலருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அது வருவது ஃபோர்ட்ரான் பகுதியின் டெவ் பேக்கேஜில், நெட்சிடிஎஃப்எஃப் லைப்ரரியும் அதிலேயே இருக்கும். இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: பழைய கணினியிலிருந்து ஃபோல்டரை அப்படியே காப்பி செய்திருந்தால் அந்தக் கணினியில் உருவான டாட் மாட் ஃபைல் உங்கள் சோர்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கலாம், கம்பைலர் அதைப் படித்திருக்கலாம். ஜிஃபோர்ட்ரான் பதிப்பு ரொம்ப வித்தியாசமாக இருந்தால் ‘வேறு பதிப்பில் உருவானது’ என்று திட்டும். ஆனால் 8இலிருந்து அடுத்தடுத்துப் பல பதிப்புகளுக்கு மாட்யூல் வடிவம் ஒன்றேதான், அதனால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். ஃபோல்டரில் கிடக்கிற டாட் ஓ, டாட் மாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். இப்போது மாட்யூல் கிடைக்கவில்லை என்று கம்பைலர் சொன்னால், அப்போது லிப்நெட்சிடிஎஃப்எஃப் ஹைஃபன் டெவ்வை இன்ஸ்டால் செய்யுங்கள்.

எது எது வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. ‘என்எஃப் ஹைஃபன் கான்ஃபிக்’ என்ற கமாண்டை இரண்டு ஹைஃபன் எஃப்லிப்ஸ் கொடுத்து ஓட்டினால் லிங்க் வரியில் ஒட்ட வேண்டியதை அதுவே அச்சடித்துக் கொடுக்கும், எஃப்ஃபிளாக்ஸ் கொடுத்தால் கம்பைலுக்கு வேண்டியதைக் கொடுக்கும். எம்பிஐ (ஒரே நிரலைப் பல பிராசஸர்களில் பிரித்து ஓட்டுவதற்கான லைப்ரரி) உபயோகிக்கிறவர்கள் லைப்ரரிப் பெயரைக் கையால் எழுதவே வேண்டாம், எம்பிஐஃபோர்ட் என்ற ராப்பரை (கம்பைலரை வேண்டிய தேர்வுகளோடு கூப்பிடுகிற கமாண்ட்) வைத்தே லிங்க் செய்யுங்கள். அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிய ஓப்பன் எம்பிஐ என்ற வடிவத்தில் ‘ஷோமீ’ கொடுங்கள், எம்பிச் என்ற வடிவத்தில் ‘ஷோ’.

பெயர் மாற்றும் வழக்கம் கம்பைலருக்குக் கம்பைலர் வேறு என்பதால் எரரில் வருகிற பெயரே யார் எதை எதிர்பார்க்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் ‘_எம்பி_’ என்று இருந்தால் அது இன்டெல் கம்பைலர் உருவாக்கிய பெயர். ஜிஃபோர்ட்ரானில் உருவான நெட்சிடிஎஃப்எஃப்பை வைத்துக்கொண்டு இன்டெல்லில் கம்பைல் செய்தால் அந்த மாட்யூல் ஃபைலையே அது படிக்காது, கிளஸ்டரில் ‘மாட்யூல் லோட்’ (இது ஃபோர்ட்ரான் மாட்யூல் இல்லை, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிற கமாண்ட்) செய்யும்போது கம்பைலரும் லைப்ரரியும் ஒரே குடும்பமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். கடைசியில் இரண்டு அண்டர்ஸ்கோர் இருந்தால் ஜி77 (ஜிஃபோர்ட்ரானுக்கு முந்தைய கம்பைலர்) காலத்து வாசனை: பெயருக்குள்ளேயே ஓர் அண்டர்ஸ்கோர் இருந்தால் அது கடைசியில் இரண்டு போடும். 2005இல் ஜிசிசி (ஜிஃபோர்ட்ரானும் அடங்கிய கம்பைலர் தொகுப்பு) 4.0 வந்தபோதே ஜி77 போய்விட்டது, ஆனால் அந்தக் காலத்து டாட் ஏ ஃபைல்கள் ஆய்வகங்களில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஐபிஎம்மின் எக்ஸ்எல்எஃப் கம்பைலர் வழக்கமாக அண்டர்ஸ்கோரே சேர்க்காது. பெயர் ‘_ஜிஃபோர்ட்ரான்_எஸ்டி_ரைட்’ மாதிரி ஆரம்பித்தால் அது எந்த அறிவியல் லைப்ரரியும் இல்லை, ஃபோர்ட்ரானின் சொந்த ரன்டைம், ரைட் வாக்கியத்துக்கு வேண்டியது. ஜிசிசி என்ற சி கம்பைலர் கமாண்டை வைத்து லிங்க் செய்திருப்பீர்கள், ஜிஃபோர்ட்ரானை வைத்துச் செய்தால் போய்விடும்.

லைப்ரரிக்குள் அந்தப் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ‘என்எம்’ என்ற கமாண்ட் போதும். ஸ்டாட்டிக் என்றால் அப்படியே, ஷேர்டு என்றால் மைனஸ் பெரிய டி (‘டைனமிக்’கின் முதல் எழுத்து) சேர்த்து. வெளியீட்டை கிரெப் என்ற தேடும் கமாண்டுக்கு அனுப்பி டிஜிஇஎஸ்வியைத் தேடுங்கள். பெயருக்கு முன்னால் பெரிய டி (இது ‘டெக்ஸ்ட்’டின் முதல் எழுத்து) இருந்தால் அந்த லைப்ரரி அதைக் கொடுக்கிறது, பெரிய யூ இருந்தால் அதுவே வேறு யாரிடமோ கேட்கிறது. யூ வந்ததைப் பார்த்து ‘இருக்கிறதே’ என்று முடிவுகட்டிவிட்டு மறுபடி தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு, எழுத்தைக் கவனியுங்கள். தேடியும் எங்கேயும் இல்லையென்றால் பெயரே நீக்கப்பட்டிருக்கலாம். 2015இல் வந்த லாபேக் 3.6.0இல் சில பழைய ரூட்டின்களை ‘டெப்ரிகேட்டட்’ என்று ஒதுக்கிவிட்டார்கள், ஒதுக்கியதையும் சேர்த்துக் கட்டாத லாபேக்கில் அவை இருக்காது. டிஜிஇஜிவி கேட்டால் டிஜிஜிஇவி, டிஜிஇகியூபிஎஃப் கேட்டால் டிஜிஇகியூபி3, டிஜிஇஎல்எஸ்எக்ஸ் கேட்டால் டிஜிஇஎல்எஸ்ஒய் என்று மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, சிலவற்றில் ஆர்கியுமெண்டுகளும் மாறியிருக்கின்றன, ஆவணத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

இனி ‘டெப்த்_’. இது எந்த லைப்ரரியிலும் இருக்கப்போவதில்லை. நீங்கள் சேர்த்ததாகச் சொன்ன வரிகளில் அலை உடையும் உயரத்துக்கு ஆழத்தை 0.78ஆல் பெருக்குகிறீர்கள் இல்லையா, ‘எச்பி சமம் 0.78 பெருக்கல் டெப்த்(ஐ,ஜே)’ என்று. அந்த சப்ரூட்டினில் டெப்த் ஒரு அரே என்று எங்கே சொல்லியிருக்கிறது? மெயின் நிரலில் டைமென்ஷன் கொடுத்திருப்பீர்கள், அது மெயினோடு சரி. சப்ரூட்டினுக்குள் ‘டெப்த்(ஐ,ஜே)’ என்று பார்த்தால் கம்பைலருக்கு அது அரேயா ஃபங்ஷனா என்று தெரிய வழியில்லை. ஃபோர்ட்ரானில் இரண்டுக்கும் ஒரே சாதாரண அடைப்புக்குறிதான். அரே என்று அறிவிக்கவில்லையென்றால் விதிப்படி அது வெளியில் எங்கோ இருக்கிற ஃபங்ஷன். பெயர் டி எழுத்தில் ஆரம்பிப்பதால் ரியல் மதிப்பு தருகிற ஃபங்ஷன். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு ‘டெப்த்_’ வேண்டும் என்று எழுதி வைத்துவிடும், மாட்டுவது லிங்கரிடம்.

‘இம்ப்ளிசிட் நன்’ (அறிவிக்காத பெயருக்குத் தானாக டைப் கொடுக்காதே என்று சொல்கிற வரி) போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், அந்த சப்ரூட்டினில் போட்டதுமே ‘டெப்துக்கு டைப் இல்லை’ என்று கம்பைலர் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அவசரத்தில் ‘ரியல் டெப்த்’ என்று மட்டும் எழுதி அளவை விட்டுவிட்டால் எரர் திரும்ப லிங்கருக்கே போய்விடும், ஏனென்றால் ரியல் மதிப்பு தருகிற ஃபங்ஷன் என்பதும் அதே அறிவிப்புக்குப் பொருந்துகிறது. அளவோடு அறிவிக்க வேண்டும், அதோடு மெயினிலிருந்து மதிப்புகள் வந்து சேர ஆர்கியுமெண்டாகவோ காமன் பிளாக் (சப்ரூட்டின்கள் பங்குபோட்டுக்கொள்கிற நினைவகப் பகுதி) வழியாகவோ மாட்யூல் வழியாகவோ கொண்டுவர வேண்டும். பழைய கோடில் காமன் பிளாக்குகளை ஓர் இன்க்ளூட் ஃபைலில் வைத்திருப்பார்கள், மற்ற சப்ரூட்டின்களின் தலையில் இருக்கிற அந்த இன்க்ளூட் வரியை உங்கள் சப்ரூட்டினில் விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். சப்ரூட்டின் பெயரில் எழுத்துப்பிழை, அதாவது டிஜிஇஎஸ்வியை ‘டிஜிஎஸ்இவி’ என்று கால் செய்தால், இம்ப்ளிசிட் நன்கூடப் பிடிக்காது. ஃபோர்ட்ரான் 2018இல் அதற்கு ‘எக்ஸ்டெர்னல்’ சேர்த்து எழுதுகிற வடிவம் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஜிஃபோர்ட்ரானில் ‘மைனஸ் பெரிய டபிள்யூ, இம்ப்ளிசிட் ஹைஃபன் இன்டர்ஃபேஸ்’ கொடுத்தால் எச்சரிக்கையாவது வரும், பழைய கோடில் அந்த எச்சரிக்கை பக்கம் பக்கமாகக் கொட்டும் என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னவற்றில், சந்தேகம் என்று நானே குறித்த இடங்கள் தவிர, எனக்குச் சந்தேகமில்லை. இனி சொல்வது உங்கள் நிரலைப் பார்க்காமல் சொல்வது, ஆனால் லிங்க் ஆன சந்தோஷத்தில் பலர் கோட்டைவிடுகிற இடம் இதுதான். லிங்கர் பார்ப்பது பெயரை மட்டும், அந்தப் பெயருக்குப் பின்னால் போகிற எண்கள் எத்தனை பைட் என்று பார்க்காது. சாதாரண லாபேக் இன்டிஜரை 4 பைட்டாக எதிர்பார்க்கிறது, 8 பைட் இன்டிஜருக்கென்று கட்டிய லாபேக்கும் உண்டு. உங்கள் மேக்ஃபைலில் ‘டிஃபால்ட் இன்டிஜர் 8’ இருந்து சாதாரண லாபேக்கோடு சேர்த்தால் லிங்க் அழகாக முடியும். நம் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் சின்ன எண்கள் கீழ் 4 பைட்டில் இருப்பதால் மேட்ரிக்ஸ் அளவுகூடச் சரியாகப் போய்ச்சேரும். ஆனால் திரும்பி வருகிற பிவட் அரே (வரிசை மாற்றங்களின் பட்டியல்) குப்பையாக இருக்கும், இன்ஃபோவின் (வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்கிற எண்) மேல் பாதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தலைகீழாக, 4 பைட் நிரலை 8 பைட் லாபேக்கோடு சேர்த்தால் பெரும்பாலும் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட், இல்லையென்றால் ‘பாராமீட்டர் நம்பர் இன்னதில் தவறான மதிப்பு’ என்று லாபேக்கே புலம்பும்.

ரியலிலும் இதே வம்பு உண்டு, கொஞ்சம் நயவஞ்சகமாக. ஒரு காலத்தில் இந்த மாதிரி மாடல்களை கிரே நிறுவனத்தின் சூப்பர் கணினிகளில் ஓட்டினார்கள், அங்கே சாதாரண ரியலே 64 பிட். அதை மற்ற கணினிகளுக்குக் கொண்டுவந்தபோது மேக்ஃபைலில் எல்லா ரியலையும் 8 பைட்டாக்கு என்று ஒரு தேர்வைச் சேர்த்துவிட்டார்கள். ஜிஃபோர்ட்ரானில் அதற்கு ‘எஃப்டிஃபால்ட் ரியல் 8’. இதை மட்டும் கொடுத்தால் டபுள் பிரிசிஷன் என்று அறிவித்தவை 16 பைட்டாக உயர்ந்துவிடும்! டிஜிஇஎஸ்விக்கு 16 பைட் எண்களை அனுப்பினால் அது 8 பைட்டாக வெட்டிப் படிக்கும், வருகிற விடை எதுவாகவும் இருக்கலாம். கூடவே ‘எஃப்டிஃபால்ட் டபுள் 8’ கொடுக்க வேண்டும். உங்கள் மேக்ஃபைலை நீங்கள் ஒட்டவில்லை, இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். அதோடு ‘எஃப்அலவ் ஆர்கியுமெண்ட் மிஸ்மேட்ச்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிஃபோர்ட்ரான் 10இலிருந்து ஒரே சப்ரூட்டினை ஓரிடத்தில் ரியலோடும் இன்னோரிடத்தில் இன்டிஜரோடும் கூப்பிட்டால் எரர், அதை வாயடைக்கத்தான் இந்தத் தேர்வு. பழைய கோடில் பல சமயம் அது நியாயமான தேவைதான். ஆனால் அது போட்டிருந்தால் கம்பைலர் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய பிழைகளும் சேர்ந்தே மறைந்திருக்கும்.

லிங்க் முடிந்து ஓட்டும்போது லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் எல்டிடி கமாண்டை நிரல் மேல் ஓட்டி ‘நாட் ஃபவுண்ட்’ எந்த வரியில் என்று பாருங்கள். லிப்ஜிஃபோர்ட்ரான் ‘.எஸ்ஓ.3’ கேட்டால் ஜிசிசி 6 அல்லது அதற்கு முந்தையதில் கட்டியது, 4 என்றால் ஜிசிசி 7, 5 என்றால் ஜிசிசி 8 அல்லது அதற்குப் பிந்தையது. 3ஐக் கேட்கிற நிரலுக்கு 5ஐக் காட்டி ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டு ஏமாற்றுகிற யோசனை இணையத்தில் கிடைக்கும், வேண்டவே வேண்டாம், சோர்ஸ் கையில் இருக்கும்போது திரும்பக் கட்டுவதே சுலபம். கொண்டா (பேக்கேஜ்களைத் தனிச் சூழல்களில் இன்ஸ்டால் செய்கிற கருவி) வைத்திருக்கிறீர்களா? அந்தச் சூழலை ஆக்டிவேட் செய்த டெர்மினலில் கம்பைல் செய்தால் கம்பைலர் ஒரு பக்கத்திலிருந்தும் லைப்ரரி இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து சேரலாம். இந்த வேலைக்கு டிஆக்டிவேட் செய்துவிட்டுத் தனி டெர்மினலில் உட்காருங்கள்.

இன்னொன்று, இப்போது வராவிட்டாலும் கிரிட்டைப் பெரிதாக்கும்போது நிச்சயம் வரும். ‘ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ என்று லிங்கர் சொன்னால் லைப்ரரியைத் தேடாதீர்கள். காமன் பிளாக்கில் நிலையாக அறிவித்த அரேக்கள் 2 ஜிபியைத் தாண்டிவிட்டன என்று பொருள். அலை மாடலில் இதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை: 1000க்கு 1000 கிரிட், 25 அதிர்வெண், 24 திசை, 4 பைட் ரியல் என்றால் ஒரு ஸ்பெக்ட்ரம் அரே மட்டுமே 240 கோடி பைட், அளவு அங்கேயே தாண்டிவிட்டது. தற்காலிகமாக ‘எம்சிமாடல் சமம் மீடியம்’ கொடுத்து எல்லா ஃபைல்களையும் திரும்பக் கம்பைல் செய்யலாம், ஆனால் அந்த அரேயை அலோகேட்டபிளாக (ஓடும்போது இடம் ஒதுக்குகிற மாதிரி) மாற்றிவிடுவதுதான் என் அபிப்பிராயம்.

விடைகள் பழைய கணினியோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உபுண்டுவில் மைனஸ் எல் பிளாஸ் என்று கொடுத்தால் ஓடும்போது உண்மையில் வருவது நெட்லிப் தளத்தின் மூல பிளாஸாகவும் இருக்கலாம், ஓப்பன்பிளாஸ் என்ற இன்னொரு வடிவமாகவும் இருக்கலாம், ‘அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்ற கமாண்ட் எதைக் காட்டுகிறதோ அது. கூட்டுகிற வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும், அது பிழையில்லை. மூன்றாவது நான்காவது இலக்கத்திலேயே வித்தியாசம் வந்தால் அது வேறு கதை, அப்போது மேலே சொன்ன இன்டிஜர், ரியல் அளவுகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

பழைய டாட் ஓ, டாட் மாட் ஃபைல்களை அழித்து, உங்கள் சப்ரூட்டினில் இம்ப்ளிசிட் நன் போட்டு, டெப்த்தைச் சரியாகக் கொண்டுவந்து, வரிசையை மாற்றி லிங்க் செய்து பாருங்கள். அதற்கு மேலும் எரர் வந்தால் இங்கேயே ஒட்டுங்கள், ஆனால் கடைசி வரியை மட்டும் இல்லை, மேக் அச்சடிக்கிற முழு கட்டளை வரியோடு முதல் எரரிலிருந்து. கூடவே அந்த சப்ரூட்டினின் அறிவிப்புப் பகுதியும், என்எஃப் கான்ஃபிக் எஃப்லிப்ஸுக்கு என்ன கொடுக்கிறது என்பதும் வேண்டும்.